பெயர் மறைத்தலும் பெயர் சாற்றலும்: ஆவணமற்ற அமெரிக்க இளைஞரின் அச்சமின்மை இயக்கம்

1. முன்னுரை

அச்சம் உயிர்கட்கெல்லாம் இயல்பாக அமைந்ததோர் உணர்வு. தொல்காப்பியர் அதனை மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் நான்கு எனப் பகுத்தார். வருத்தும் தெய்வம், கொல்லும் விலங்கு, கொள்ளையிடும் கள்வர் என்னும் மூன்றனோடு, தம்மை ஆளும் அரசன் முதலாய தலைவரையும் அவர் நான்காவதாகச் சேர்த்தமை கருதற்பாலது. முதல் மூன்றும் புறத்தே நின்று வருவன; அவற்றினின்று காத்தற்கு உரியோன் அரசன். காக்கவேண்டியோனே அச்சத்திற்குக் காரணமாயவழி, அஞ்சுவோன் எவரிடம் சென்று முறையிடுவான்? இவ்வினாவே ஏனை மூன்று அச்சங்களினும் நான்காவதனை வேறுபடுத்துவது.

அவரே பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்கும் நான்கு நிலைக்களன் கூறினார். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன அவை. அச்சத்திற்கு மறுதலையாக நிற்கத்தக்க பெருமிதம் கல்வியினின்றும் அஞ்சாமையினின்றும் புகழினின்றும் பிறக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

தமிழிலக்கணம் வகுத்த இப்பகுப்பு உலகின் பிற பகுதிகளில் நிகழும் மாந்தர் இயக்கங்களை ஆராய்தற்கும் துணைசெய்வதேயாகும். ஈண்டு நாம் ஆராயப் புகுவது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேற்ற ஆவணமின்றி வளர்ந்த இளைஞர்கள் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய உரிமை இயக்கம். அரசின்பால் தோன்றிய அச்சத்தினின்று அவர்கள் பெருமிதத்திற்கு எவ்வாறு வந்தனர், அதற்கு அவர்கள் கையாண்ட கருவி யாது, அக்கருவி பயன்பட்ட எல்லை யாது என்னும் மூன்று வினாக்களும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அக்கருவி தம் பெயரைத் தாமே மன்றில் சாற்றுதல் என்பது நம் கருத்து.

2. சொல்லும் பொருளும்

இம்மக்களைக் குறிக்கும் சொற்களிலேயே கருத்துப்போர் தொடங்கிவிடுகின்றது. அமெரிக்கச் சட்டநூல்கள் இவர்களை 'அயலார்' என்றன. அரசியலார் பலர் 'சட்டத்திற்குப் புறம்பான அயலார்' என்றனர். செயல் சட்டத்திற்குப் புறம்பாகலாமேயன்றி ஆள் எங்ஙனம் புறம்பாவான் என்னும் வினாவை இளைஞர்கள் எழுப்பினர். 'ஆவணமற்றோர்' என்பது அவர்கள் தமக்குக் கொண்ட பெயர். இசுப்பானிய மொழியில் 'சின் பப்பேலெஸ்', அதாவது தாளற்றோர் என வழங்கும். இல்லாதது தாளேயன்றித் தகுதியன்று என்பது இச்சொல்லாட்சியின் உட்பொருள்.

எல்லைக் காவலைக் கடந்து வந்தோர் மட்டும் இப்பெயர்க்கு உரியரல்லர். முறையான நுழைவிசைவு பெற்று வந்து, காலங்கடந்து தங்கியோரும் இவருள் அடங்குவர். மெக்சிக்கோவினர் மிகுதியாயினும் கொரியா, பிலிப்பைன்சு, ஈரான், பிரேசில் முதலிய நாடுகளிற் பிறந்தோரும், இந்தியாவினின்று சென்றோரும் இவருள் உளர். 2010ஆம் ஆண்டையொட்டி இவர்தம் தொகை ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் என மதிப்பிடப்பட்டது. ஆண்டுதோறும் உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் ஆவணமற்ற மாணவர் ஏறத்தாழ 65,000 பேர் என்பது அக்காலத்துப் பெரிதும் எடுத்தாளப்பட்ட கணக்கு.

இன்னொரு சொல்லும் நம் கருத்திற்கு உரியது. ஆங்கில வழக்கில் இவர்கள் 'நிழலில் வாழ்வோர்' எனப்படுவர். தமிழில் நிழல் என்பது பெரும்பாலும் இனிய பொருளது. மன்னனது வெண்கொற்றக்குடையின் நிழலிற் குடிகள் தங்குவர் என்பது புறப்பாட்டுகளிற் பயின்றுவரும் கருத்து. ஆங்கில வழக்கிலோ அச்சொல் ஒளியின்மையையும் ஒளிந்துறைதலையும் சுட்டும். எனினும் இவ்விரு வழக்கும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. குடைநிழல் எட்டாத இடமே அவர்கள் ஒளிந்துறைந்த நிழல்.

3. பெயரற்ற வழக்கு

இவ்வியக்கத்தின் வரலாறு ஒரு நீதிமன்ற வழக்கினின்று தொடங்குவது பொருந்தும். 1975ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலம், சட்டப்படி நுழையாத பிள்ளைகளின் கல்விக்கு மாநிலப் பொருளுதவி இல்லை எனவும், பள்ளி ஆட்சிக்குழுக்கள் அன்னாரைச் சேர்க்க மறுக்கலாம் எனவும் சட்டஞ் செய்தது. 1977இல் டைலர் என்னும் ஊரின் பள்ளி ஆட்சிக்குழு, அத்தகைய பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் விதித்தது. உழைத்துண்ணும் ஏழைக் குடும்பங்களால் அத்தொகை இறுத்தற்கியலாதது. நான்கு குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன.

அவ்வழக்கின் பெயர் 'பிளைலர் எதிர் டோ' என்பது. பிளைலர் அவ்வூர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர். 'டோ' எவருடைய பெயருமன்று. பெயர் வெளியிட விரும்பாதார்க்கு ஆங்கிலச் சட்டமரபு வழங்கும் புனைபெயர். பெற்றோர் நீதிமன்றம் வருதலே நாடுகடத்தலுக்கு வழியாகலாம் என்றஞ்சினர். ஆதலின் விசாரணை விடியற்காலத்தே நடத்தப்பட்டது. அன்றே துரத்தப்படினும் படலாம் என எண்ணி, வீட்டுப் பொருள்களை ஊர்தியில் ஏற்றிக்கொண்டு மன்றம் வந்தோரும் உண்டு. உரிமை கேட்கும் நேரத்தும் முகமும் பெயரும் மறைக்கவேண்டியிருந்தமை அக்காலத்து அச்சத்தின் அளவைப் புலப்படுத்துகின்றது.

1982 சூன் 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்னும் பெரும்பான்மையால் பிள்ளைகட்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னன், பெற்றோர் செயலுக்காகப் பிள்ளைகளை ஒறுத்தல் நீதியன்று எனவும், எழுத்தறிவற்றதொரு கீழ்வகுப்பை நாட்டினுள்ளே நிலையாக உண்டாக்குதல் அரசுக்கும் கேடு எனவும் காட்டினார்.

இத்தீர்ப்பினால் விளைந்த பயன் இருவகைத்து. ஆவணமற்ற பிள்ளைகள் அமெரிக்கப் பள்ளிகளிற் பயின்றனர். ஆங்கிலத்தையே தம் மொழிபோற் பேசினர். அரசியலமைப்பையும் உரிமைப்போர் வரலாற்றையும் பாடமாகக் கற்றனர். ஆயினும் தீர்ப்பின் காப்புப் பள்ளிப்படிப்பின் எல்லையோடு முடிந்தது. பதினெட்டு வயதை எட்டும்பொழுது உடன்பயின்றோர் ஊர்தியோட்டும் உரிமம் பெறுவர், கல்லூரிக்கு அரசின் பொருளுதவி பெறுவர், வேலைக்குச் செல்வர். இவர்க்கோ இவை மூன்றும் இல்லை. தாம் ஆவணமற்றோர் என்பதை அந்த வயதில்தான் பெற்றோர் வாயிலாக முதன்முதல் அறிந்தோர் பலர். பள்ளி அவர்களைக் குடிமக்களாக வளர்த்தது. சட்டம் அயலாராக நிறுத்தியது. இம்முரண்பாட்டினின்றே பிற்கால இயக்கம் பிறந்தது.

4. சட்டங்களின் இறுக்கமும் கனவின் தோற்றமும்

1942 முதல் 1964 வரை மெக்சிக்கோ உழவுத் தொழிலாளர் 'பிராசெரோ' ஒப்பந்தத்தின்கீழ் முறையாக வந்து மீண்டனர். அவ்வொப்பந்தம் முடிந்ததும், 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் மேலை அரைக்கோளத்தினின்று வருவோர்க்கு முதன்முறையாக எண்ணிக்கை வரம்பு விதித்தது. வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. வருதற்குரிய வாயில் சுருங்கியது. 1986இல் அதிபர் ரீகன் ஒப்பமிட்ட சட்டத்தால் ஏறத்தாழ 27 இலட்சம் பேர் முறையான குடியிருப்புரிமை பெற்றனர். அவர்க்குப் பின் வந்தோர்க்கு அவ்வழி இல்லை.

1990களில் எல்லைக்காவல் இறுகியமையால், பருவந்தோறும் வந்து மீளும் வழக்கம் அருகிற்று. போனால் மீளல் அரிது என்றுணர்ந்த தொழிலாளர் மனைவி மக்களையும் உடனழைத்துத் தங்கினர். 1996ஆம் ஆண்டுச் சட்டம், ஆவணமின்றி 180 நாட்கு மேல் தங்கி வெளியேறியவர்க்கு மூன்றாண்டும், ஓராண்டிற்கு மேல் தங்கியவர்க்குப் பத்தாண்டும் மீள்நுழைவைத் தடுத்தது. தாய்நாடு சென்று முறைப்படி விண்ணப்பித்து வருக என்பார் கூற்று இதனாற் பொருளற்றதாயிற்று. சென்றால் வாயில் அடைபடும். இருந்தால் நிழலே வாழ்விடம்.

இந்நிலையில் 2001 ஆகஸ்டு 1ஆம் நாள் செனட்டர் டிக் டர்பினும் ஆரின் ஹாட்சும் மாற்றுக்கட்சியினராயினும் ஒருங்கு நின்று ஒரு சட்டமுன்வரைவைக் கொணர்ந்தனர். அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் 'டிரீம்' என அமைந்தன. கனவு என்பது அதன் பொருள். இளமையில் வந்து, அமெரிக்காவிற் பயின்று, நன்னடத்தை உடையோர்க்குக் குடியுரிமைக்கு வழிசெய்வது அதன் நோக்கம். பிரேசிலிற் பிறந்து சிகாகோவில் வளர்ந்த கொரியக் குடும்பத்துப் பெண்ணும் பியானோக் கலைஞருமாகிய தெரெசா லீயின் நிலை, டர்பினை இம்முயற்சிக்குத் தூண்டியது. செனட்டு விசாரணை 2001 செப்டம்பர் 12ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. முதல்நாள் நிகழ்ந்த தாக்குதலால் அவ்விசாரணை நடைபெறவில்லை; அயலார் எனின் ஐயுறும் மனப்பான்மை நாடெங்கும் பரவிற்று.

மாநிலங்கள் சிலவற்றில் மாணவர்க்குச் சிறிது வழி பிறந்தது. 2001இல் டெக்சாசும் கலிபோர்னியாவும் தம் மாநிலத்தில் பள்ளிப்படிப்பு முடித்த ஆவணமற்ற மாணவர், உள்மாநிலத்தார்க்குரிய குறைந்த கட்டணத்தில் கல்லூரியிற் பயில இசைந்தன. பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் ஒருவரையொருவர் கண்டறிந்து கழகங்கள் அமைத்தனர். லாசு ஏஞ்சலிசு நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் தம் வரலாறுகளைத் தொகுத்து 2008இல் ஒரு நூலும் வெளியிட்டனர்.

இக்காலப் பகுதியின் சாட்சியாக விளங்குபவர் டாம் டிரான் என்னும் மாணவி. வியத்நாமிய ஏதிலியராகிய பெற்றோர்க்குச் செருமனியிற் பிறந்தவர், எந்நாட்டுக்கும் உரியராகாதவர். 2007 மே 18ஆம் நாள் பிரதிநிதிகள் அவையின் துணைக்குழு முன் தம் பெயர் கூறிச் சாட்சியளித்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஒரு செய்தித்தாள் அவர் கருத்தை வெளியிட்ட சில நாட்களில், குடியேற்றத்துறை அலுவலர் விடியுமுன் வீடு புகுந்து அவருடைய பெற்றோரையும் உடன்பிறந்தானையும் கைது செய்தனர். இது சாட்சியை அச்சுறுத்தும் செயல் எனத் துணைக்குழுத் தலைவராயிருந்த சோயி லாஃப்கிரன் கண்டித்தார். குடும்பத்தார் பின்னர் விடுவிக்கப்பட்டனர். பெயர் கூறலின் விலை யாது என்பதை இயக்கம் இந்நிகழ்ச்சியால் நன்கறிந்தது. அதே மாதம் 24ஆம் நாள் செனட்டில் சட்டமுன்வரைவு 52க்கு 44 என வாக்குப் பெற்றும், விவாதத்தை முடித்தற்கு வேண்டிய 60 இன்மையால் வீழ்ந்தது.

5. பெயர் சாற்றிய ஆண்டு

2010ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனை. அதற்குமுன் செய்தித்தாள்கள் இம்மாணவரைப் பெரும்பாலும் முதற்பெயரால் மட்டுமோ, மாற்றுப் பெயராலோ குறித்து வந்தன. நிழற்படத்தில் முகம் மறைக்கப்பட்டிருக்கும். 2010க்குப் பின் முழுப்பெயரும் முழுமுகமும் வெளிவரலாயின.

சனவரி முதல் நாள் மயாமி நகரினின்று நான்கு மாணவர் வாசிங்டனை நோக்கி நடைப்பயணந் தொடங்கினர். ஃபெலிப்பே மாட்டோஸ், காபி பச்சேக்கோ, கார்லோஸ் ரோவா, உவான் ரொட்ரிகெஸ் என்போர் அந்நால்வர். ஏறத்தாழ 1,500 மைல் நடந்து, மே முதல் நாள் தலைநகரெய்தினர். தம் செலவிற்குக் 'கனவின் தடம்' எனப் பெயரிட்டனர். செரோக்கிப் பழங்குடியினர் துரத்தப்பட்ட 'கண்ணீரின் தடம்' என்னும் வரலாற்றை அப்பெயர் நினைவூட்டுவது. சியார்சியா மாநிலத்தில் கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் ஆவணமற்றோர்க்கு எதிராகப் பேரணி நடத்திய ஊர்க்கும் அவர்கள் சென்றனர்.

மார்ச்சு 10ஆம் நாள் சிகாகோவில் நிகழ்ந்தது இன்னும் சிறப்பாகக் கருதற்குரியது. அந்நகரில் 2009இல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர்க்கு நாடுகடத்தல் ஆணை பிறந்தபோது, நண்பர்கள் வெளிப்படையாக ஆதரவு திரட்டி அவ்வாணையைத் தள்ளிவைக்கச் செய்தனர். மறைந்திருத்தல் காவாது, பலரறிய நிற்றலே காக்கும் என்னும் பாடத்தை அவர்கள் அதனின்று கற்றனர். 'குடியேறிய இளைஞர் நீதிக்கழகம்' அம்முயற்சியினின்று தோன்றியது. அக்கழகத்தார் கூட்டாட்சி அரசு வளாகத்தின் முன்றிலில் மேடையேறி, எண்மர் ஒருவர்பின் ஒருவராகத் தம் பெயரைக் கூறி, தாம் ஆவணமற்றோர் எனவும் அஞ்சாதோர் எனவும் அறிவித்தனர். 2006இல் ஆவணமின்மையைப் பெருங்குற்றமாக்க முனைந்த சட்டமுன்வரைவை எதிர்த்து, அந்நகரிற் பேரணி எழுந்ததும் மார்ச்சு 10ஆம் நாளே.

இவ்வறிவிப்புக்கு அவர்கள் இட்ட பெயர் 'நிழலினின்று வெளிவருதல்'. 'வெளிவருதல்' என்னும் ஆட்சி ஒருபாலீர்ப்பினரின் உரிமை இயக்கத்தினின்று கொண்டது. 1978இல் கலிபோர்னியாவில் ஹார்வி மில்க் அவ்வியக்கத்தாரை வெளிப்பட அழைத்தமை வரலாறு. ஆவணமற்ற இளைஞருள் முன்னின்றோர் சிலர் இவ்விரு மறைவினின்றும் வெளிவந்தோராதலின், ஓரியக்கத்தின் முறை மற்றொன்றற்கு இயல்பாக வந்து சேர்ந்தது.

அறிவிப்பின் அமைப்பை நோக்குவோம். முதற்கண் பெயர், அடுத்து வந்த நாடும் வந்தபோதிருந்த வயதும், பின்னர் ஆவணமின்மை, இறுதியில் அஞ்சாமை. பலர் பல ஊர்களிற் கூறியபோதும் இவ்வைப்புமுறை பெரும்பாலும் மாறவில்லை. அகத்திணைப் பாட்டில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டலாகாது என்பதும், புறத்திணையில் சுட்டப்பெறும் என்பதும் நம் மரபு. அகத்தின் பெயரின்மை உணர்வின் பொதுமையை நாடியது. அமெரிக்க இளைஞரின் பெயரின்மையோ அச்சத்தின் விளைவு. ஆதலின் இரண்டும் ஒன்றாகா. ஆயினும் பெயர் சுட்டியவுடன் வாழ்க்கை மன்றத்திற்குரிய பொருளாகின்றது என்னும் அளவில் ஒப்புமை உண்டு. வீட்டினுள் மறைபொருளாய் இருந்த துன்பம், பெயரொடு கூறப்பட்டபின் அரசியற் பொருளாயிற்று.

மே 17ஆம் நாள் அரிசோனாவின் டூசான் நகரில் செனட்டர் சான் மக்கெயினின் அலுவலகத்தில் ஐவர் பட்டமளிப்பு உடையணிந்து அமர்ந்து மறியல் செய்தனர். பள்ளிகளில் நிறவேற்றுமையை விலக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு வெளிவந்ததும் மே 17ஆம் நாளே. ஆவணங் காட்டுமாறு கேட்கக் காவலர்க்கு அதிகாரமளித்த சட்டம் அம்மாநிலத்தில் ஏப்ரல் 23ஆம் நாள்தான் ஒப்பமிடப்பட்டிருந்தது. ஆவணமற்றோர் மூவர் அன்று கைதாயினர். ஈரானிற் பிறந்த முகம்மது அப்துல்லாகியும் மெக்சிக்கோவிற் பிறந்த லிசுபெத் மத்தேயோவும் அவருள் இருவர். அவர்கள் நாடுகடத்தப்படவில்லை. மத்தேயோ பின்னர்ச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

மறியலுக்கு இரண்டு நாள் முன், மே 15ஆம் நாள், டாம் டிரானும் அவர்தம் தோழி சிந்தியா ஃபெலிக்சும் மெயின் மாநிலத்தில் ஊர்தி விபத்தில் இறந்தனர். முன்னவர் பிரௌன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தவர். பின்னவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்றவர். அவ்விருவர் நினைவும் அவ்வாண்டுப் போராட்டங்கட்கு ஊக்கமாயிற்று. டிசம்பர் 8ஆம் நாள் பிரதிநிதிகள் அவை 216க்கு 198 என முன்வரைவை ஏற்றது. 18ஆம் நாள் செனட்டில் அது 55க்கு 41 வாக்குப் பெற்று மீண்டும் 60ஐ எட்டாது வீழ்ந்தது. பட்டமளிப்பு உடையணிந்த இளைஞர் பார்வையாளர் மாடத்தினின்று அதனைக் கண்டனர்.

6. அறப்போர் மரபின் தொடர்ச்சி

ஆயுதமின்றி அமர்ந்து கைதாகும் முறை இவ்விளைஞர்க்குப் புதிதாகத் தோன்றியதன்று. அதன் வழியொன்று இந்தியாவையும் தொட்டுச் செல்கின்றது. சேம்சு லாசன் என்னும் கறுப்பினச் சமயவூழியர் கொரியப் போர்க்காலத்துப் படையிற் சேர மறுத்துச் சிறை சென்றவர். 1953இல் நாகபுரிக்கு வந்து இசுலாப் கல்லூரியிற் பணியாற்றி, காந்தியடிகளின் அறப்போர் முறையைப் பயின்றார். 1956இல் திரும்பியபின் நாசுவில் நகரில் மாணவர்க்குப் பயிற்சியளித்தார். 1960ஆம் ஆண்டு உணவகங்களில் நிறவேற்றுமையை எதிர்த்து அமர்ந்தோர் பலர் அப்பயிற்சி பெற்றவரே. முதுமையில் லாசு ஏஞ்சலிசில், மேலே குறித்த பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் ஆய்வு நடுவத்தில் கென்ட் வாங்குடன் சேர்ந்து அறப்போர் பற்றிய பாடம் நடத்தினார். ஆவணமற்ற மாணவரும் அப்பாடத்திற்கு வந்தனர். லாசன் 2024இல் மறைந்தார்.

அவர் கற்பித்த நெறியில் அச்சத்தை ஒழித்தல் முதற்படி. அது துணிச்சலாற் பாய்ந்து நிகழ்வதன்று, பயிற்சியால் வருவது. கைது செய்யப்படின் எவர்க்குச் செய்தி சொல்லுதல், எவ்வழக்கறிஞரை அழைத்தல், வினவும் அலுவலர்க்கு எவ்வளவு விடையிறுத்தல் என்பவற்றையெல்லாம் இளைஞர் முன்கூட்டியே பயின்றனர்.

கல்வி தடுக்கப்பட்டவிடத்தும் இம்மரபு தொழிற்பட்டது. சியார்சியா மாநிலத்தின் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, போட்டி மிகுந்த அரசுப் பல்கலைக்கழகங்கள் ஐந்தில் ஆவணமற்ற மாணவரைச் சேர்த்தலாகாது என 2010இல் முடிவுசெய்தது. சியார்சியாப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் இருவர் முதன்முதல் அடியெடுத்து வைத்தது 1961இல். அரை நூற்றாண்டின்பின் அதே வாயில் வேறொரு வகுப்பார்க்கு அடைக்கப்பட்டது. 2011இல் அப்பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சிலர் ஏதன்சு நகரில் 'விடுதலைப் பல்கலைக்கழகம்' ஒன்று தொடங்கி, ஊதியமின்றி வாரந்தோறும் கற்பித்தனர். பட்டம் வழங்கும் உரிமை அதற்கில்லை. ஆயினும் பல்கலைக்கழகம் என்பது கட்டடமன்று, கற்போரும் கற்பிப்போருமே என்பதை அது மெய்ப்பித்தது. பல்கலைக்கழகத்தாராகிய நாம் எண்ணிப் பார்த்தற்குரிய செய்தி இது.

7. பிழை யாருடையது

கனவுச் சட்டத்திற்கு ஆதரவு தேடியோர் இளைஞரைத் 'தம் பிழையின்றி வந்தோர்' என்று வருணித்தனர். இரக்கத்தை எழுப்புதற்கு இத்தொடர் பயன்பட்டது. ஆயின் பிழை பிள்ளைகளது அன்றெனின் பெற்றோரது என்பது தானே பெறப்படும். முதல் மாணாக்கர், பட்டமளிப்பு உடை, குற்றமற்ற ஒழுக்கம் என்னும் உருவம் முன்னிறுத்தப்படுந்தோறும், பள்ளியை இடையில் விட்டோரும் தோட்டத்தில் உழைப்போரும் தகுதியற்றோர் என ஒதுக்கப்படும் நிலை வந்தது.

2010ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பின் இளைஞர் இத்தொடரைத் தாமே மறுத்தனர். 2011 முதல் 'ஆவணமற்றோர், அஞ்சாதோர்' என்னும் முழக்கத்துடன் 'மன்னிப்புக் கோராதோர்' என்னும் சொல்லும் சேர்ந்தது. தம் பெற்றோர் தம்மை அழைத்து வந்தது அன்பினாலும் துணிவினாலும் என்று அவர்கள் கூறினர். தொடக்கத்திற் காட்டிய இலக்கணப் பகுப்பின்படி, தறுகண் என்பதை இளைஞர் தமக்கு மட்டும் கொள்ளாது பெற்றோர்க்கும் உரியதாக்கினர் எனலாம்.

இதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. 2012 சூலை 29ஆம் நாள் அரிசோனாவின் பீனிக்சு நகரினின்று ஒரு பேருந்து புறப்பட்டது. 'தாளும் இல்லை, அச்சமும் இல்லை' என்பது அச்செலவின் பெயர். நாட்கூலி உழைப்பாளரும் வீட்டு வேலை செய்வோரும் தாயரும் தந்தையரும் அதில் இருந்தனர். தென்மாநிலங்கள் வழியே சென்று, செப்டம்பரில் சார்லட் நகரில் நடந்த சனநாயகக் கட்சி மாநாட்டை அடைந்து, அங்கு மறியல் செய்து சிலர் கைதாயினர். அஞ்சாமையைப் பெற்றோர் பிள்ளைகட்குக் கற்பித்தல் உலக வழக்கு. ஈண்டுப் பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் கற்றனர்.

8. காப்பாணையும் அதன் எல்லையும்

அதிபர் ஒபாமா 2011 மார்ச்சில், நாடுகடத்தலை ஆணையால் நிறுத்தும் அதிகாரம் தமக்கில்லை என்றார். 2012 நிதியாண்டில் நாடுகடத்தப்பட்டோர் தொகை ஏறத்தாழ 4 இலட்சம். இளைஞர் தளரவில்லை. அவ்வதிகாரம் உண்டு எனச் சட்டப் பேராசிரியர் பலர் 2012 மேத் திங்களில் மடல் எழுதினர். சூன் தொடக்கத்தில் டென்வரில் அதிபரின் தேர்தல் அலுவலகத்தில் இளைஞர் இருவர் அமர்ந்து உண்ணாநோன்பு மேற்கொண்டனர். சூன் 15ஆம் நாள், பிளைலர் தீர்ப்பின் முப்பதாம் ஆண்டு நிறைவன்று, 'டாகா' எனப்படும் காப்பாணை அறிவிக்கப்பட்டது. பதினாறு வயதிற்குமுன் வந்து, 2007 சூன் 15 முதல் தொடர்ந்து தங்கி, முப்பத்தொரு வயது நிரம்பாதோர்க்கு, ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்க காப்பும் வேலை செய்யும் இசைவும் அதனாற் கிடைத்தன. 8 இலட்சத்திற்கு மேற்பட்டோர் காலப்போக்கில் அதனைப் பெற்றனர். குடியுரிமைக்கு அது வழி தரவில்லை.

இக்காப்பைப் பெறுதற்கு ஒருவர் தம் பெயரும் முகவரியும் கைரேகையும் அரசிடம் தாமே ஒப்படைக்கவேண்டும். மன்றில் பெயர் சாற்றியபோது கேட்டவர் மக்கள். அவர்தம் அறிவே காப்பாயிற்று. அரசின் பதிவேட்டில் எழுதியபோது அப்பெயர் அரசின் கைக்குச் சென்றது. ஆள்வோர் மனம் மாறின் அதுவே தேடிப்பிடித்தற்குரிய பட்டியலாகலாம். 2017 செப்டம்பர் 5ஆம் நாள் டிரம்பு ஆட்சி அக்காப்பாணையை நீக்குவதாக அறிவித்தபோது இவ்வையம் நேரில் வந்து நின்றது. 2020 சூன் 18ஆம் நாள் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்னும் பெரும்பான்மையால், நீக்கிய முறை தக்க காரணங் காட்டாதது என அதனைத் தடுத்தது. காப்பாணை நன்றா தீதா என்பதில் அம்மன்றம் புகவில்லை. 2021 சூலையில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் காப்பாணையே சட்டத்திற்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. புதியோர்க்கு ஒப்புதல் அளித்தல் அதனோடு நின்றது. 2025 சூனில், இருபத்துநான்கு ஆண்டுகட்குமுன் டெக்சாஸ் முதன்முதல் வழங்கிய கல்லூரிக் கட்டணச் சலுகையும் நீதிமன்ற ஆணையால் ஒழிந்தது. கனவுச் சட்டமோ 2001 முதல் பலமுறை கொணரப்பட்டும் நிறைவேறியதில்லை.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, இவ்வியக்கம் கூறிய அச்சமின்மை இடர் நீங்கிய நிலை அன்று. இடர் இருப்பவே, அதற்கு முகங்கொடுத்து நிற்கும் நிலை அது. பெயர் சாற்றிய எண்மரும் அன்றிரவு ஆவணமற்றோராகவே வீடு திரும்பினர்.

இரண்டாவது, அச்சமின்மை தனியொருவர் பண்பாக நின்று பயன் தரவில்லை. டாம் டிரான் தனித்து நின்று பெயர் கூறியபோது குடும்பம் கைதாயிற்று. டூசானில் கைதானோர்க்கு நாடெங்கும் தோழர் இருந்தனர், அவர்கள் மீண்டனர். இடையிலுள்ள மூன்றாண்டில் மாறியது சட்டமன்று. துணை நிற்பார் தொகையே மாறியது.

மூன்றாவது, பெருமிதத்தின் நிலைக்களனாகத் தொல்காப்பியர் கல்வியை வைத்தமையின் பொருள் இவ்வரலாற்றால் விளங்குகின்றது. 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பு எழுத்தறிவு ஒன்றையே வழங்க எண்ணியது. பள்ளியறையிற் கற்ற உரிமைப்போர் வரலாறு, கற்றோரைத் தம் உரிமையையும் கேட்க வைத்தது. அத்தீர்ப்பின்கண் 'டோ' எனப் பெயர் மறைத்து நின்ற தலைமுறையையும், 2010இல் முழுப்பெயர் கூறி மேடையேறிய தலைமுறையையும் இணைத்தது அக்கல்வியே. சட்டம் இன்னும் அவர்க்கு ஆவணம் வழங்கவில்லை. அவர்கள் அவைகளிலும் முன்றில்களிலும் கூறிய தற்கூற்றுகளோ பதிவு செய்யப்பெற்று நிற்கின்றன. இக்காலத்துப் புறத்திணைச் சான்றுகளாக அவற்றைத் தொகுத்தாய்தல் இலக்கிய மாணவர்க்கும் உரிய பணியாகும்.